ஜிம் இல்லாத அரசுப் பள்ளியில் 9, 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வலுப்பயிற்சி கொடுக்கலாமா? எப்படி நடத்துவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வாரத்துக்கு 2 பீரியடு, ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஒரு வகுப்பில் 45 பிள்ளைகள். கையில் இருப்பது இரண்டு வாலிபால், ஒரு வடம், ஒரு விசில். வெயிட் தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அதனால் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கூடவே மாதவிடாய் நாள் பற்றியும் புரோட்டீன் பவுடர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். "கொடுக்கலாமா" என்பதற்குப் பதில் சின்னது. 45 பேரை ஒற்றை ஆள் எப்படிப் பார்ப்பது என்பதில்தான் உங்கள் கேள்வியின் பாரம் முழுவதும் இருக்கிறது. ஆகவே முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

வலுப்பயிற்சியால் உயரம் குறையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் உட்பட, இந்தத் துறையைப் பார்க்கும் முக்கிய அமைப்புகள் எல்லாம் ஒரே கருத்தில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் இருக்க வேண்டும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் வேலை வாரத்தில் 3 நாளாவது அதில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. பயம் எங்கிருந்து வந்தது என்றால், வளரும் எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு உண்மையிலேயே மென்மையானது. அதில் அடிபட்டால் வளர்ச்சி கெடலாம். அப்படி அடிபட்டதாகப் பதிவான சம்பவங்களைப் பார்த்தால், பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாமல், தூக்க முடிகிற உச்ச எடையைப் போட்டிக்குத் தூக்கியது, கம்பி கைநழுவி விழுந்தது போன்றவைதான் பெரும்பாலும். பக்கெட்டில் தண்ணீர் சுமப்பதும், மாமரத்திலிருந்து குதிப்பதும் எலும்புக்குத் தருகிற சுமை நீங்கள் கொடுக்கப்போகிற 5 முதல் 10 கிலோவைவிடக் குறைவில்லை. பெற்றோரிடம் இதைச் சொன்னால் புரியும்.

நம் மைதானங்களில் எடையைவிட எண்ணிக்கைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நேரம் தவறி வந்தவனுக்கு 100 பஸ்கி, சத்தம் போட்டவனுக்கு 200 தோப்புக்கரணம் என்பது இன்னும் பல இடங்களில் சாதாரணம். பழக்கமில்லாத உடம்பில் ஒரே மூச்சில் அத்தனை எண்ணிக்கை ஏற்றினால் தசை நார்கள் சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை கல்லாய் வீங்கி, சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் அது சாதாரண உடம்புவலி இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். தண்டனையாகக் கற்ற பஸ்கியை எந்தப் பிள்ளையும் பிறகு விரும்பிச் செய்வதில்லை என்பது இன்னொரு காரணம்.

இனி 40 நிமிடம். அட்டெண்டன்ஸுக்கும் வரிசைக்கும் 4 நிமிடம், உடம்பைச் சூடேற்ற 7, வலுச் சுற்று 18, விளையாட்டு 9, மூச்சு தணிய 2. விளையாட்டை வெட்டிவிட்டு அந்த 9 நிமிடத்தையும் பயிற்சிக்குக் கொடுக்க ஆசை வரும். வெட்டாதீர்கள். பந்துக்காகத்தான் பாதிப் பேர் மைதானத்துக்கு வருகிறார்கள்.

வலுச் சுற்றுக்கு ஆறு இடங்கள் குறித்துக்கொள்ளுங்கள். 45 பேரை 7 அல்லது 8 பேராகப் பிரித்தால் ஆறு குழு. ஒவ்வொரு குழுவிலும் ஜோடி ஜோடியாக நிற்கட்டும். ஒற்றையாய் மிஞ்சுகிறவர் ஒரு ஜோடியோடு மூன்றாவதாகச் சேர்ந்து, முதல் ஆள் செய்யும்போதே தானும் செய்யட்டும். ஒருவர் 30 வினாடி செய்வார், இன்னொருவர் பார்ப்பார், பிறகு மாறுவார்கள், அடுத்த இடத்துக்குப் போக 30 வினாடி. ஓர் இடத்துக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஒரு சுற்று 9 நிமிடம், இரண்டு சுற்று 18. எந்த நேரத்திலும் பாதிப் பேர்தான் அசைந்துகொண்டிருப்பார்கள் என்பதால் உங்கள் கண்ணுக்கு வேலை பாதியாகிறது. பார்க்கிறவர் சும்மா நிற்கக் கூடாது. அவருக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: "குதிகால் தூக்குதா?", "இடுப்பு தொங்குதா?" இரண்டு விஷயம் சொன்னால் இரண்டையும் பார்க்க மாட்டார்கள்.

முதல் இடம் பஸ்கி. ஆனால் பழைய முறையில் குதிகாலைத் தூக்கி வேகமாக உட்கார்ந்து எழுவது வேண்டாம். பாதம் தோள் அகலம், விரல்கள் லேசாக வெளிப்பக்கம், குதிகால் தரையில், முழங்கால் விரல்கள் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். வகுப்பில் பலருக்குக் குதிகால் எழும்பும். கணுக்கால் இறுக்கம்தான் காரணம். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னால் உடனே சமநிலை வந்து பலருக்கு அந்தக் குறை மறைந்துவிடும். அப்படியும் எழும்பினால் குதிகாலுக்கு அடியில் 2 செ.மீ. பலகை வையுங்கள்.

இரண்டாவது தண்டால். இங்கேதான் யாருக்கு எவ்வளவு வலு என்று வகுப்பு பிரியும். தரையில் ஒன்றுகூட முடியாதவர்களை முழங்காலூன்றிச் செய்யச் சொல்வது வழக்கம். நான் அதைவிட உயரத்தில் கை வைக்கச் சொல்வேன். முதலில் சுவர், பிறகு வராந்தாத் திண்ணை, பிறகு படிக்கட்டின் இரண்டாம் படி, கடைசியில் தரை. காரணம், முழங்காலூன்றினால் இடுப்புக்கும் வயிற்றுக்கும் வேலை குறைந்துவிடும். திண்ணையில் தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக நிற்கப் பழகிவிடுவார்கள், உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் போதும். முழங்கை தோளுக்கு நேர் பக்கவாட்டில் விரிவதுதான் எல்லோரும் செய்யும் தவறு; உடம்போடு சுமார் 45 டிகிரி இருந்தால் தோள் நோகாது.

மூன்றாவது, தரையிலிருந்து மூட்டை எடுப்பது. இதைக் கற்பிக்க ஒரு சிலம்புக் கம்பு போதும். கம்பை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் பட்டபடியே இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியச் சொல்லுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் கம்பு விலகினால் முதுகு வளைகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். கம்பு விலகாமல் 10 தடவை செய்கிறவருக்குத்தான் மூட்டை. பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்கப் பயன்படப்போவது இந்த அசைவுதான். அரிசிச் சாக்கு, கேஸ் சிலிண்டர், ரப்பர் ஷீட் கட்டு எல்லாம் இப்படித்தான் தூக்க வேண்டும். மூட்டைக்கு 10 கிலோ அரிசிப் பை நல்லது. தடித்த பாலித்தீன் உறையில் எம்-சாண்ட் நிரப்பிக் கட்டி, அதைப் பைக்குள் வையுங்கள். பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் பிடி கிடைக்காது. உலர்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். 5, 8, 10 கிலோ எனத் தராசில் நிறுத்துப் பையின் மேல் எழுதிவையுங்கள். கடற்கரையில் அள்ளிக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணலில் இல்மனைட், மோனசைட் போன்ற கனமான கனிமங்கள் கலந்திருக்கும். அதை அள்ளுவது சட்டச் சிக்கல், கணக்கிட்ட எடையும் தப்பும்.

நான்காவது இழுப்பது. தள்ளும் பயிற்சி எல்லாப் பள்ளியிலும் உண்டு, இழுக்கும் பயிற்சி எங்கும் இல்லை. கூன் தோளோடு திரியும் பிள்ளைகளுக்குத் தேவை இதுதான். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வாலிபால் கம்பத்தில் நெஞ்சுயரத்தில் கட்டினால் இழுவைப் பட்டை தயார். வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் டியூபை இழுத்துப் பார்த்து, நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலே தூக்கிப் போடுங்கள். அறுந்தால் நேராக முகத்துக்கு வரும். அதனால் முகத்துக்கு நேராக இழுக்க விடாமல், விலா எலும்பின் கீழ்ப்பகுதிக்கு இழுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் வடமும் இதற்கு உதவும். ஆனால் வடமிழுக்கும்போது கையில் சுற்றிக்கொள்ளவோ இடுப்பில் கட்டிக்கொள்ளவோ யாரையும் விடக் கூடாது. எதிர்க்குழு வழுக்கி விழுந்தால் போவது விரல்தான். தும்புக் கயிறு உள்ளங்கையை உரித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாவது வயிறும் முதுகும்: முழங்கையூன்றிப் பலகை போல நிற்பது 20 வினாடி, அல்லது ஒற்றைக் கையில் 5 லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு சாயாமல் நடப்பது. இரண்டாவதைப் பிள்ளைகள் விரும்புவார்கள்.

ஆறாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: குதித்து இறங்குவது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குப் பூப்புக்குப் பிறகு இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிவது அதிகம். வாலிபால், கபடி, கால்பந்தில் முழங்காலுக்குள் இருக்கும் இணைப்பு நார் (லிகமென்ட்) அறுவது பல நேரம், இறங்கும்போதோ திரும்பும்போதோ முழங்கால் இப்படி உள்ளே மடியும் நொடியில்தான். ஒரு படி உயரத்திலிருந்து இறங்கி, சத்தமில்லாமல் இரண்டு காலிலும் ஒன்றாக ஊன்றி, 2 வினாடி சிலையாக நிற்கப் பழக்குங்கள். சத்தம் கேட்டால் தவறு. இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. முதல் மூன்று வாரம் ஒரு வகுப்பில் ஆளுக்கு 20 குதிப்புக்கு மேல் வேண்டாம். மழை நனைத்த செம்மண்ணில் ஒரு குதிப்பும் வேண்டாம். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை என்பதால் வராந்தாவில் நடத்தக்கூடிய மாற்றுப் பட்டியல் ஒன்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை, தண்டால், பஸ்கி, பலகை நான்கும் வராந்தாவில் நடக்கும்.

அளவைக் கூட்டுவது பற்றி. முதல் மூன்று வாரம் முறை மட்டும், எடை கிட்டத்தட்ட இல்லை. நான்காம் வாரத்திலிருந்து 30 வினாடிக்குள் 8 தடவை ஒழுங்காக வந்தால் 10, பிறகு 12. இரண்டு வகுப்பு தொடர்ந்து 12 வந்தால் அடுத்த எடைக்குப் போய் மறுபடியும் 8. இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிற நிலையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். முறை உடைந்த பிறகு செய்யும் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எவ்வளவு அதிகபட்சம் தூக்குகிறான் என்ற சோதனை இந்தச் சூழலில் தேவையே இல்லை. இரண்டு வகுப்புக்கும் இடையில் ஒரு நாளாவது இடைவெளி வருமாறு டைம்டேபிள் கேளுங்கள். திங்களும் செவ்வாயும் கிடைத்தால் இரண்டாம் நாள் முழுக்க விளையாட்டுக்கு விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் தசைவலி ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும்.

ஒரே வகுப்பில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே உடம்போடு இருப்பதில்லை. பெண்பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக வளர்வார்கள். ஆனால் இரண்டு வருடம் முன்பின் இருப்பது சகஜம். ஆக 9-ம் வகுப்பில் மீசை வந்தவனும் குரல் உடையாதவனும் ஒரே ஜோடியில் நிற்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து குறித்தால், யார் வேகமாக வளர்கிறார்கள் என்று தெரியும். காலை அளவுக்கும் மாலை அளவுக்குமே ஒரு செ.மீ. வித்தியாசம் வரும் என்பதால் ஒரே பீரியடில் அளக்க வேண்டும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்தவருக்குக் குதிப்பைப் பாதியாக்குங்கள். அந்தக் காலத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகால் பின்பக்கம் வலிப்பதும் அடிக்கடி வரும். பெரும்பாலும் சுமையைக் குறைத்தாலே அடங்கும். இரவில் எழுப்பும் வலி, வீக்கம், நொண்டி நடப்பது, வேகப்பந்து வீசும் பையனுக்கு முதுகைப் பின்னால் வளைத்தால் கீழ்முதுகில் ஒரு பக்கம் வலிப்பது இவற்றை மைதானத்தில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அதேபோல இதயக் கோளாறு, வலிப்பு, ஓடும்போது மயக்கம் என்று முன்பே தெரிந்த பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம் என்பதை எழுத்தில் யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டிக் கேட்ட பிறகுதான்.

மாலையில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். கடற்கரை ஊர்களில் தினமும் இரண்டு மணி நேரம் மணலில் கால்பந்து ஆடுகிறவனுக்கும், கரமடி (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) இழுக்கக் கைகொடுக்கிறவனுக்கும், சிலம்பம், அடிமுறை களரிக்குப் போகிறவளுக்கும் உங்கள் வகுப்புக்கு வரும் முன்பே உடம்பில் சுமை ஏறியிருக்கும். குறுவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சுற்று மட்டும் போதும்.

மாதவிடாய் நாளில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், தடை எதுவும் இல்லை. வேண்டாம் என்றால் எண்ணுகிற வேலை கொடுங்கள். காரணத்தை எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். துப்பட்டாவை மட்டும் கழற்றி வைக்கவோ குறுக்காகக் கட்டவோ சொல்லுங்கள், டியூபில் மாட்டும். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடாமல் இரத்தசோகையைச் சந்தேகியுங்கள். பள்ளியில் கொடுக்கும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும்; உடனே சாயா குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். புரோட்டீன் பவுடர் பற்றிய கேள்விக்கு: தேவையில்லை. மரச்சீனிக் கிழங்கு வெறும் மாவு, ஆனால் கூடவே சாளையோ நெத்திலியோ மீன் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். கஞ்சியும் பயறும், சத்துணவு முட்டையும் அப்படித்தான்.

வெயிலைப் பற்றி ஒன்று. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, அதனால் உடல் சூடு இறங்காது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்கு விசில் அடியுங்கள். யாராவது உளறினாலோ தள்ளாடினாலோ நிழலில் கிடத்தி, அங்கேயே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது. உளறுகிறவர் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது.

இதனால் என்ன பலன் கிடைக்கும் என்று தலைமையாசிரியர் கேட்டால், எதைத் தைரியமாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு தடவை ஒழுங்காகச் செய்தால் 8 முதல் 12 வாரத்தில் வலு கூடும் என்பது உறுதி. பூப்படையாத பிள்ளைகளில் அது தசை பெருத்து வருவதில்லை. நரம்பு தசையை நன்றாக ஆளக் கற்றுக்கொள்வதால் வருவது. ஆகவே "சார், கை பெருசாகல" என்றால் அது தோல்வி இல்லை. இறங்கும் பயிற்சியால் விளையாட்டுக் காயம் குறையும் என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. இந்த 18 நிமிடத்தால் உடல் எடை இறங்குமா என்றால் சந்தேகம்தான். சாப்பாடு மாறாமல் பெரிய வித்தியாசம் வராது. விளையாட்டுக்கு முன் தசையை இழுத்து அசையாமல் பிடித்து நிற்பதால் (ஸ்ட்ரெட்சிங்) காயம் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் பலவீனம், அதனால் சூடேற்றும் 7 நிமிடத்தில் அசைவுகளையே வையுங்கள். மதிப்பெண் கூடும் என்று வாக்குக் கொடுக்கவே வேண்டாம்.

அளந்து காட்ட மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் இருப்பவையே போதும்: 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னால் எட்டுவது, 30 வினாடியில் பாதி எழும்பும் வயிற்றுப் பயிற்சி, தண்டால். கூடவே நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலை மூன்று வாய்ப்பில் சிறந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமும் 12-ம் வாரமும், அதே தரை, அதே பீரியடு. முன்னேற்றத்தில் ஒரு பங்கு வெறுமனே வளர்ந்ததால் வந்தது. உங்களிடம் இரண்டு செக்‌ஷன் இருந்தால் ஒன்றை முதலிலும் மற்றதை 12 வாரம் கழித்தும் தொடங்கினால் அந்தப் பங்கு எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும். எண்களை வகுப்பில் சத்தமாகப் படிக்க வேண்டாம், அவரவர் நோட்டில் எழுதட்டும்.

நடுவில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள் வந்து இரண்டு மூன்று வாரம் போய்விடும். திரும்பி வந்த முதல் வகுப்பில் எடையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஒரே சுற்று மட்டும் நடத்துங்கள். இரண்டாம் வகுப்பில் இரண்டு சுற்று. மூன்றாவதில் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம்.